ஆடியில் சைக்கிள், ஆவணியில் கல்யாணம்

கோயம்புத்தூர்
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள வசந்திக்கு,

"நாலாம் மாசம்" என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷக் காத்திருப்பு என்று எனக்குத் தெரியாதா? ரொம்ப ரொம்பச் சந்தோஷம்டி. ஆனால் அதற்கடுத்த வரியிலேயே நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடுகிற அந்தக் கோவா ட்ரையத்லான் போட்டிக்குக் கட்டிய பணத்தை நினைத்துப் புலம்பியிருந்தாய் பார், ஹாஸ்டலில் பார்த்த வசந்தி கொஞ்சமும் மாறவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் இங்கத்திய சேதி.

ட்ரையத்லானுக்குப் பயிற்சி அட்டவணை போடுகிறவர்கள் எல்லாம் வாரக் கணக்கில் போடுகிறார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடுகிறேன். சிரிக்காதே. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணம், வீடு குடிபோவது என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் முழுசாக நம் கையில். காற்றுதான் பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வாளையார் போய்ச் சேர்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து விடும்போது, என்னமோ பெரிய சைக்கிள் வீராங்கனை என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

ஆவணியில் தம்பி கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சி இல்லாமல் அது நடக்காது. அதனால் பட்டு எடுப்பதிலிருந்து பந்தி வரைக்கும் என் தலையில்தான். பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சிப் பக்கம் போக வேண்டியிருந்த ஞாயிறு, எனக்கோ லாங் ரைடு நாள். அவர்களைக் காரில் வரச் சொல்லிவிட்டு நான் விடியும் முன்னே சைக்கிளில் கிளம்பிவிட்டேன். நாற்பது கிலோமீட்டர்தானே. அத்தை வீட்டு வாசலில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடுப்புமாகப் போய் இறங்கியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, காரு ரிப்பேரா?" குளித்து, காரில் வந்த சேலையை உடுத்திக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு திரும்பவும் மிதிக்க மனசு வரவில்லை. காரின் பின்சீட்டை மடக்கிச் சைக்கிளை உள்ளே திணித்துக்கொண்டு வந்தோம். அட்டவணைப்படி பாதிதான். அந்தப் பாதி போதும் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண் என் கையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். தோளிலிருந்து பாதிக் கைவரை ஒரு நிறம், அதற்குக் கீழே வேறொரு நிறம், மணிக்கட்டில் வாட்ச் அளவுக்கு வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடியின் தடம். எத்தனை பூசினாலும் மறையவில்லை. சித்தி ஒருத்தர் என்னிடம் கேட்காமல் இவரிடம் போய், "புள்ளைய யாருங்க மாப்ள பாத்துக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "நான்தாங்க" என்றாராம் இவர். என் பெரியப்பா மகன் வருஷத்துக்கு நாலு மாரத்தான் ஓடுகிறான். அவன் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதைச் சித்தியிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் இணைச்சீர்ச் சேலையோடு சண்டைக்குப் போவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் சித்தியின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறதுடி. அரை அயர்ன்மேனுக்கு, அதாவது நம் கோவா போட்டியின் தூரத்துக்கு, என்னைப் போன்ற ஆட்கள் வாரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமாவது பயிற்சி செய்தாக வேண்டும். அந்த மணி நேரம் யாரோ ஒருத்தர் கையிலிருந்துதான் வருகிறது. காலையில் இவர் இட்லி ஊற்றி, மகளை டியூஷனில் விட்டு வருவதால்தான் நான் குளத்தில் இருக்கிறேன். வரும் மார்ச்சில் அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. அதனால் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம்: கோவா முடிந்த மறுநாளிலிருந்து பங்குனிவரை சைக்கிள் சுவரில் தொங்கும். மார்கழியில் ரேஸ் கோர்ஸில் காலை ஓட்டம் மட்டும், அதுவும் அவள் எழுந்திருப்பதற்குள். இதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மார்கழிக் குளிரில் ரைடு போவதை விடுவது கொடுமைதான். ஆனால் முன்கூட்டியே பேசி விட்டுக்கொடுத்ததில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைப் பார்த்து முகத்தைப் பார்த்து அனுமதி வாங்குவதுதான் ஆளைக் கொல்கிறது.

இப்போது புரட்டாசி. கல்யாணத் தொல்லை இல்லை, ஆனால் வீட்டில் கவிச்சியும் இல்லை, மாமியார் புண்ணியத்தில் முட்டையும் இல்லை. பச்சைப்பயறையும் பன்னீரையும் வைத்து ஓட்டுகிறேன். கடல்தான் பயமுறுத்துகிறது. 1.9 கிலோமீட்டர் என்பது எங்கள் 25 மீட்டர் குளத்தில் 76 நீளம், அதை நீந்திவிடுகிறேன். கோவாவின் மிராமர் கடற்கரையில் பிடித்துக்கொள்ளச் சுவரும் இருக்காது, அடியில் நீலக் கோடும் இருக்காது. ஒரு மணி பத்து நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட்டால் போதும். பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிளும் 21.1 கிலோமீட்டர் ஓட்டமும் என் பாடு. மொத்தம் எட்டரை மணி நேரம் தருகிறார்கள், நான் அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொள்வதாக இருக்கிறேன்.

சரி, உன் விஷயம். மூன்றையும் ஆட்கள் பிரித்துக்கொள்கிற ரிலேயில் நீச்சலை மட்டும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம். நீச்சல் கர்ப்பிணிகளுக்கு நல்லதுதான், அமைதியான குளத்தில். போட்டியில் முன்னால் போகிறவர் உதை எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? சாலையில் சைக்கிள் ஓட்டுவதையும் விட்டுவிடு, விழுந்தால் என்ன ஆவது? வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ட்ரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி, ஃபேன் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதி. உடம்பு ரொம்பச் சூடாகக் கூடாது. பணத்துக்கு, அடுத்த வருஷத்துக்கு மாற்றித் தருவார்களா என்று ஒரு மெயில் போட்டுப் பார். தராவிட்டால் போகட்டும்.

சுவிட்சர்லாந்து ட்ரையத்லான் வீராங்கனை நிக்கோலா ஸ்பிரிக் பற்றி எழுதியிருந்தாய். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் போட்டோ பார்த்து முடிவு சொல்லுமளவுக்கு நெருக்கமாக ஓடி ஜெயித்த தங்கம், 2013இல் பிள்ளை, 2016 ரியோவில் வெள்ளி, அதன் பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள் பெற்று டோக்கியோவில் ஆறாமிடம். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவருக்கு அப்போது அதுதான் வேலை. கணவரும் ட்ரையத்லான் வீரர். நாம் ஆபீஸ் போய்விட்டு வந்து மாவாட்டுகிறவர்கள். அமெரிக்க வீராங்கனை செல்சி சொடாரோவையும் சேர்த்துப் படி. ஒன்றரை வயசுக் குழந்தையோடு 2022இல் ஹவாயின் கோனாவில் நடந்த முழு அயர்ன்மேன் உலகப் போட்டியை முதல் முயற்சியிலேயே ஜெயித்தவர். பிரசவத்துக்குப் பிறகு வந்த பதற்றத்தோடு எவ்வளவு போராடினார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பதக்கத்தோடு அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள். பிரசவம் முடிந்து குறைந்தது மூணு மாசமாவது ஓடாதே. சிசேரியன் என்றால் இன்னும் கூடலாம். இடுப்புக்கூட்டுத் தசைகளைப் பார்க்கிற நல்ல பிசியோ ஒருவரை இப்போதே விசாரித்து வை. எனக்கு அந்தக் காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லவில்லை, தும்மினால் கூடப் பயந்துகொண்டிருந்தேன்.

வளைகாப்பு தேதி குறித்ததும் சொல்லு. கோவா முடிந்துவிட்ட பிறகு என்றால் நான் சென்னையில் ஒரு வாரமாவது இருப்பேன், உன் அம்மாவிடம் சொல்லிவிடு. கடைசியாக ஒன்று. சைக்கிள் பேக் பண்ணுகிற உன் கறுப்புப் பெட்டி இந்த வருஷம் சும்மாதானே கிடக்கும்? பார்சலில் போட்டுவிடு, செலவு என்னுடையது. பெடல் கழற்றுகிற ஸ்பேனரையும் மறக்காமல் உள்ளே வை.

அன்புடன்,
மல்லிகா