உரிந்த தோலைத் திருப்பிப் பார்

ஓசூர்
ஞாயிறு இரவு

கண்ணு,

நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 40 ஹவுசிங் கூடுகள், எல்லாம் 6061 ரக அலுமினியம், தங்க முலாம் ஏறி வெளியே வரும்போது பளபளவென்று இருந்தது, ஓவனில் வைத்து எடுத்ததும் கொப்புளம். நாளைக் காலையில் தங்கக் கரைசல் தொட்டியில் அழுக்கை எடுக்க கார்பன் போட்டு வடிகட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். சொன்னவர்கள் அனுபவசாலிகள்தான். ஆனாலும் தங்கத் தொட்டியில் கை வைப்பதற்கு முன்னால் கொப்புளத்தில் உரிந்து வந்த முலாம் தோலைத் திருப்பிப் பார் சாமி. இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உனக்கு கம்பெனி பஸ் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பாகங்களை ஜிக்கில், அதாவது தொட்டியில் இறக்கும் சட்டத்தில், கட்டுவதில் ஆரம்பித்து, ஜிங்கேட் லைனில் நின்று, கடைசியில் லென்ஸோடு இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்தவள் நான். 22 வருடத்தில் தங்கத் தொட்டியால் கொப்புளம் வந்து பார்த்தது ரொம்பக் குறைவு. தங்கம் மேலே இருப்பதால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன் மேல் ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர்தான், ஆனால் அதன் மேல் எதை ஏற்றினாலும் நிற்காது. அந்தப் போர்வையை எடுத்துவிட்டு, திரும்ப வருவதற்குள் துத்தநாகத்தைப் பூசுவதற்குத்தான் ஜிங்கேட். அதற்கு மேல் நிக்கல், அதற்கு மேல்தான் தங்கம். எந்த இடத்தில் பிடி விட்டது என்று தெரியாமல் எதைச் சரி செய்வாய்?

கொப்புளத்தை பிளேடு முனையால் மெல்லக் கீறி, தோலை எடுத்துக் கறுப்புத் துணியில் குப்புறப் போடு. 10 மடங்கு லென்ஸ் போதும். இரண்டு பக்கமும் தங்க நிறமாக இருந்தால் நிக்கலும் தங்கமும் பிரிந்திருக்கின்றன. அடிப்பக்கம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நிக்கலும் சேர்ந்தே எழுந்து வந்துவிட்டது, தப்பு அலுமினியத்தை ஒட்டி நடந்திருக்கிறது. கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால், தோல் எடுத்த இடத்தில் காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விடு. அலுமினியமாக இருந்தால் நுரைக்கும். நிக்கல் சும்மா இருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்.

நீ ஆறாவது படிக்கும்போது நான் ஒரு மாதம் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் இதே கதைதான். தங்கக் கரைசலைச் சுத்தம் பண்ணினார்கள், உப்பு மாற்றினார்கள், கரண்டைக் குறைத்தார்கள். கொப்புளம் நிற்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு தோலைத் திருப்பினேன். அடியில் மங்கலான சாம்பல், ஈயப் பாத்திரத்தைத் தேய்க்காமல் வைத்த மாதிரி. அன்று மாலை லைனிலேயே நின்று பார்த்தேன். புதிதாக வந்த பையன் நைட்ரிக் ஆசிட்டிலிருந்து ஜிக்கைத் தூக்கி அலசி, கம்பியில் மாட்டிவிட்டு, அடுத்த ஜிக்கை எடுக்கப் போய்விடுகிறான். மாட்டியது அங்கேயே தொங்கிக் காய்கிறது. எடுத்த ஆக்சைடு திரும்ப வர அதுவே போதும். அவனைக் குறை சொல்லி என்ன பண்ண, ஈரம் காயக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பிறகு அந்த வாரமே நின்றது. ஒரு மாதக் கூலியும் தங்கமும் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதனால் உன் லைனில் முதலில் ஆளைப் பார், நேரத்தைப் பார். காஸ்டிக்கில் அரித்த பிறகு மேலே ஸ்மட் என்கிற கறுப்புப் படிவு நிற்கும். நைட்ரிக்கில் அது முழுக்கப் போக வேண்டும், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்கக்கூடாது. ஜிங்கேட் ஒரு தடவை போதாது. முதல் பூச்சை 50 சதவீத நைட்ரிக்கில் கழற்றிவிட்டு, இரண்டாவது தடவை இன்னும் குறைந்த நேரம் முக்க வேண்டும். அதிக நேரம் வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தடித்த துத்தநாகம் பஞ்சு மாதிரி ஆகிவிடும், பிடி இருக்காது. சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக வர வேண்டும்.

கொப்புளம் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்து வை. துளையைச் சுற்றி மட்டும் என்றால், அடி மூடிய துளையில் கரைசல் தங்கி ஓவனில் வெளியே வந்திருக்கிறது. ஜிக் கட்டும்போதே துளையின் வாய் கீழே பார்க்க வேண்டும், அலசும்போது ஆட்ட வேண்டும்.

தண்ணீரையும் கேட்டுப் பார். எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், என் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை சின்ன வயதில் அது வைத்ததுதான். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊர்களுக்கு வந்ததே அந்தக் கொடுமைக்காகத்தான். நிலத்தடித் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஜிங்கேட்டுக்கு முன்னும் பின்னும், தங்கத்துக்கு முன்னும் உப்பு நீக்கிய டி.எம். தண்ணீர்தான் ஓட வேண்டும்.

தோலின் இரண்டு பக்கமும் தங்கமாக இருந்தால் நிக்கலைப் பார். நிக்கல் காற்றில் நின்றாலே செத்துப்போகும், பிறகு தங்கம் பிடிக்காது. ஆசிட்டில் ஒரு முக்கு, உடனே கோல்டு ஸ்ட்ரைக் என்கிற மெல்லிய முதல் தங்கப் பூச்சு, இடையில் காயவிடாதே. தொட்டிக்குள் இறங்கும்போதே கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நாள் கழித்து ஊசிமுனைப் புள்ளியில் வெள்ளைத் தூள் கிளம்பினால் அது வேறு நோய். தங்கத்திலும் நிக்கலிலும் நுண்துளை இருந்து, ஈரம் அலுமினியம் வரை இறங்கிவிட்டது. தங்கமும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். அதற்கு நிக்கலைக் கனமாகவும் நெருக்கமாகவும் போட வேண்டும்.

இன்னொன்று, சயனைடு இருக்கிற தொட்டிப் பக்கம் ஆசிட் வாளியைத் தூக்கிக்கொண்டு யாரையும் போகவிடாதே, இரண்டு கழிவும் ஒரே சாக்கடையில் சேரக்கூடாது. இதில் நீ அதட்டினாலும் தப்பில்லை.

மாவடு ஊறுகாய் ஒரு பாட்டில் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை புனே வருகிறார். நாளை ஷிஃப்டுக்குப் போனதும் கார்பன் போடுவதை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேள். சொட்டு விட்டதும் நுரைத்ததா இல்லையா, அதை மட்டும் உடனே எனக்குச் சொல்.

அம்மா