மூலிகையில் மார்பகப் புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வாளர்களுக்கு

வணக்கம்.

"புற்றுநோய் செல்களைக் கொல்லும் மூலிகை" என்று உங்கள் ஆய்வைப் பற்றிச் செய்தி வந்தால் போதும், புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளுநரான என்னிடம் யாராவது வந்து கேட்பார்கள்: "இதைக் குடிக்கலாமா?" பதில் சொல்ல எனக்கு முதலில் வேண்டியது அளவு. அது உங்கள் கட்டுரையில் எங்கோ ஒரு வரைபடத்தின் அடியில் கிடக்கிறது. அதைச் செய்திக்குறிப்பின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்வோம். ஆய்வகத் தட்டில் எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு 10, 20, 50 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) என்று கொடுக்கிறீர்கள். செல்கள் சாகின்றன, சரி. ஆனால் 2001-இல் வெளியான முதல் கட்ட மருத்துவப் பரிசோதனையில், தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவே சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை; உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது.

அளவு மாறினால் விளைவே தலைகீழாகும் கதையும் உண்டு. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் அதிக அளவில் இதே எம்சிஎஃப்-7 செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. குறைந்த அளவில், செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியைத் தூண்டி வளர்த்துவிடுகிறது. (இதை வைத்துச் சோயா உணவே ஆகாது என்று கிளம்பிவிட வேண்டாம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.)

அப்புறம், எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கும் எம்டிடி சோதனை ஒன்றை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும் என்பதுதான் அதன் அடிப்படை. தாவரச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள், தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அதைச் செய்துவிடும். சாறு மட்டும் ஊற்றிய குழி ஒன்று ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். புற்றாகாத மார்பக செல்களிலும் சோதித்துப் பாருங்கள்.

செடியில் மருந்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. நான் கலந்து அனுப்பும் பக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்து பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். பட்டையைச் சேகரித்தது 1962-இல். வேதியியலாளர்கள் வால், வாணி இருவரின் குழு வேதி அமைப்பை வெளியிட்டது 1971-இல். செல்லின் நுண்குழல்களைக் கலையவிடாமல் பிடித்து, செல் பிரிவதை அது நிறுத்துகிறது என்று ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் காட்டியது 1979-இல். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 1994 ஆகிவிட்டது. தண்ணீரில் கரையாது என்பதால் விளக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கரைத்தார்கள். அந்தக் கரைப்பான் ஒவ்வாமையைக் கிளப்பியதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கிறோம். இவ்வளவும் தாண்டித்தான் அது மருந்து. யூ மரத்தைக் கஷாயம் வைத்தால் விஷம்.

தலைப்பை மட்டும் படித்துவிட்டு மாத்திரை வாங்குபவர்களுக்கு ஆபத்து நிஜமானது. மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் கூடவே குர்குமின் சாப்பிட்டபோது, அந்த மருந்து உடலில் மாறி உண்மையில் வேலை செய்யும் வடிவமான எண்டாக்ஸிஃபென்னின் அளவு குறைந்ததை 2019-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மிளகில் உள்ள பைபரினும் சேர்ந்தால் இன்னும் குறைந்தது. வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்றது 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வு.

எனவே செய்திக்குறிப்பில் இவற்றையாவது எழுதுங்கள்: தட்டில் கொடுத்த அளவு, மனித ரத்தத்தில் எட்டக்கூடிய அளவு, சாதாரண செல்களுக்கு என்ன ஆனது. இரண்டாவது இன்னும் தெரியாதென்றால், தெரியாது என்றே போடுங்கள். கேட்பவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்