எடையை உரக்கப் படிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் பிள்ளைகளின் உடல் பருமனைப் பற்றிப் பேச்சு வந்தாலே, பெற்றோர் கண்டிப்பதில்லை என்கிறார்கள். நான் கண்டித்த தாய். அதில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

என் மகளுக்கு வயது 13. சென்ற ஆண்டு பள்ளியில் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி எடை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். "அறுபத்து நாலு" என்றதும் பின்னாலிருந்து சிரிப்பு. அன்று முதல் வகுப்பில் அதுவே அவள் பெயர். அழுதுகொண்டு வந்தவளிடம், "இப்பவாவது ரோஷம் வந்தால் சரி" என்றேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மறுநாளே எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். தினமும் பல் தேய்த்ததும் அவள் அதில் ஏற வேண்டும். நான் காலண்டரில் குறிப்பேன். இரண்டு மாதத்தில் 2 கிலோ கூடியது. பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, நாங்கள் தூங்கிய பிறகு சாப்பிட்டிருக்கிறாள். மெத்தைக்கு அடியில் காலி உறைகள் கிடந்தன.

அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது அவள் கழுத்தை. அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்து நான் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கலாம் என்றார்; ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் பிஎம்ஐ; பெரியவர்களுக்கான அதன் வரம்பைப் பிள்ளைகளுக்கு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாதாம், வயதையும் பாலினத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டுமாம். வளர்கிற பிள்ளைக்கு எடை கூடாமல் நின்றாலே, உயரம் ஏற ஏற அந்த எண் இறங்கும் என்றார். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவளோ போனை வைத்துக்கொண்டு ஒரு மணி வரை விழித்திருந்திருக்கிறாள். கடைசியில் அவளிடமே, "உனக்கு என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டார். நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவள் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, என்னிடம் சொல்லாமலே மேல்வீட்டுத் தாத்தாவிடம் போய், அவருடைய நாயை நடக்கக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. முதல் வாரம் நாய் இழுத்த இழுப்பில் மூச்சு வாங்கித் திரும்பி வந்தாள். அந்த நாயோடு ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரு மாதம் போனதும், "பார், இளைச்சிருக்கே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவள் போகவே இல்லை. அதன்பின் எடைப் பேச்சை அடியோடு விட்டேன். கருவியைப் பரண்மேல் ஏற்றினேன்.

ஆறு மாதத்தில் குறைந்தது ஒரே கிலோ. உயரம் இரண்டரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, பிஎம்ஐ 28.6-லிருந்து 27.2. டாக்டருக்குத் திருப்தி. தாத்தா இப்போது நன்றாக நடக்கிறார். ஆனாலும் மாலை நடையை விட்டுத் தர மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

2022-இல் உலகில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் பருமனோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்களில் எத்தனை பேருடைய எண் வகுப்பின் நடுவில் உரக்கப் படிக்கப்பட்டதோ! பள்ளிகள் எடை பார்க்கட்டும், அது தேவைதான். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பார்த்து, எண்ணை மூடிய உறையில் பெற்றோருக்கு அனுப்புங்கள். அந்த உறையைப் பிரிக்கும் பெற்றோரும் பிள்ளையிடம் எதுவும் சொல்லும் முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்
(மகளுக்காகப் பெயரை வெளியிட வேண்டாம்.)