கல்லம்பட்டிக் கத்தரி விதை கல்லம்பட்டிக்கே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காய்கறி, பழம், நெல் ரகங்களில் நடக்கும் ஆராய்ச்சிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புது ரகங்களின் விளைச்சல், வயது, நோய் தாங்கும் திறன் எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் அந்த ரகங்கள் எந்த ஊர் விதையிலிருந்து பிறந்தன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேலூர் வட்டத்தில் காய்கறி போடுகிறவன் என்ற முறையில் அதைச் சொல்லவும், அதோடு ஒரு கோரிக்கை வைக்கவும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

யானைமலைப் பக்கம் ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 1965இல் தொடங்கப்பட்டவை. அங்கிருந்து வெளிவரும் ரகங்களுக்கு மதுரையைக் குறிக்கும் 'எம்டியு' என்று பெயர் வைப்பார்கள். அதில் எம்டியு 1 கத்தரி, எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கல்லம்பட்டியில் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். உருண்டையாகப் பெரிய காய். பளிச்சென்ற ஊதா நிறம், முற்ற முற்ற வெளிறி இளஞ்சிவப்பாகும். எம்டியு 1 புடலை, பன்றிப்புடலையும் தனியாமங்கலத்துப் புடலையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. 'பிகேஎம்' என்று பெயர் வைக்கும் பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்திலும் இதே கதைதான். பிகேஎம் 1 தக்காளிக்கு மூலம் தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளி. பிகேஎம் 1 கத்தரிக்கு மூலம், மானாவாரியில் வறட்சியைத் தாங்கி நிற்கும் புழுதிக்கத்தரி. இன்று இந்தியா முழுக்கச் செடிமுருங்கை என்று நடுகிறார்களே, அந்த பிகேஎம் 1 முருங்கை தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் முருங்கையிலிருந்து வந்தது.

விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாட்டு ரகம் என்றால் ஒரே பாத்தியில் நாலு விதமாகக் காய்க்கும். அதில் நல்ல செடியாகப் பார்த்து, பூவுக்கு உறை கட்டி, வேறு மகரந்தம் சேராமல் காத்து, அந்த விதையைத் தனியாக விதைத்து, மாறி நிற்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, பல தலைமுறை இப்படிச் செய்தால்தான் ஒரே சீரான ரகம் கையில் நிற்கும். முருங்கைக்கு ஆறு தலைமுறை செய்தார்கள். அன்னஞ்சித் தக்காளி விதைக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அதில் மாறி வந்த செடிகளிலிருந்து பிகேஎம் 1 ரகத்தைப் பொறுக்கினார்கள். பொறுமை இல்லாதவர்களால் இந்த வேலை ஆகாது. அதே பொறுமையோடு அதற்கு முன்னால் அந்த விதையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். நல்ல காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதை எடுத்து, அலசி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த பட்டம் வரை வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த எம்டியு 1 கத்தரி விதையைக் கேட்டால் கிடைப்பதில்லை. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்ற பதில்தான். கடைக்காரர் எடுத்துக் காட்டுவது ஏதாவது ஒரு கம்பெனியின் வீரிய ஒட்டு விதை. அந்த விதையில் விளைச்சல் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் எடுத்த விதையை மறுபடி போட்டால் குணம் பிரிந்துவிடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எம்டியு 1 போன்ற தேர்வு ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற பயிர். வேறு கத்தரி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் விதையை நாமே எடுத்துக்கொள்ளலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு காய்கறி போடுகிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ரகம் வெளியிட்டதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. ரகத்தை உருவாக்கியவர்கள் எடுக்கும் வல்லுநர் விதையைப் பெருக்கி ஆதார விதையாக்கி, அதைப் பெருக்கி உழவருக்கான சான்று விதையாக்கி, பையில் சான்றுக்கான நீல அட்டை கட்டி விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ரகம் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். புது ரகம் வெளியிடும்போது விழா எடுக்கிறோம், சரி. பழைய ரகத்துக்கு இந்த வருடம் ஆதார விதை எவ்வளவு எடுத்தோம் என்று யாராவது கேட்கிறோமா?

நெல்லிலும் இப்படித்தான் நடக்கிறது. எங்கள் பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். அதுவும் தண்ணீர் திறக்கும் தேதியைப் பொறுத்தது. இங்கே குறைந்த வயது நெல் இல்லாமல் கதை ஆகாது. அதற்காகவே மதுரையில் எம்டியு 5 வந்தது. ஆப்பிரிக்காவின் நெல்லினம் ஒன்றையும் கேரளத்து உப்புநிலத்துப் பொக்காளி நெல்லையும் சேர்த்து உருவாக்கிய ரகம் அது. 95 முதல் 100 நாளில் அறுவடை. எவ்வளவு தூரத்து உறவுகளைச் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆனாலும் வியாபாரிகள் சன்ன அரிசிதான் கேட்கிறார்கள் என்று, 1986இல் ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வந்த பிபிடி 5204 பக்கமே எல்லோரும் போகிறோம். சாப்பிட நல்ல அரிசிதான். ஆனால் குலைநோய் அதைச் சுலபமாகப் பிடிக்கும், வயதும் அதிகம். தண்ணீர் பிந்துகிற வருடம் கடைமடைக்காரர்களின் பாடு திண்டாட்டம். குறைந்த வயது, சன்ன அரிசி இரண்டும் ஒன்றாக உள்ள ரகங்களை ஒத்தக்கடையில் நடவு செய்து காட்டுவதோடு, மேலூர், கொட்டாம்பட்டி வயல்களிலும் போட்டுக் காட்ட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை காய்கறி விதைகளைப் பற்றித்தான். பாரம்பரிய நெல்லுக்கு நெல் ஜெயராமன் என்று ஒருவர் கிடைத்தார். 150க்கும் மேற்பட்ட ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழாவில் உழவர்களிடம் கொடுத்துப் பரப்பிவிட்டுப் போனார். கத்தரிக்கும் புடலைக்கும் பீர்க்குக்கும் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. கத்தரி நம் மண்ணின் பயிர். ஊருக்கு ஒரு கத்தரி இருந்த நாடு இது. 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோதும், நாட்டுக் கத்தரிகளின் பன்மை கெட்டுவிடுமே என்பது முக்கியமான வாதமாக இருந்தது. அவ்வளவு வாதாடிக் காப்பாற்றிய பன்மையை இப்போது ஒரு சத்தமும் இல்லாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம். விதை எடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் இறந்தால் அந்த வீட்டோடு ஒரு ரகமும் போய்விடுகிறது. நாளைக்குக் காய்த்துளைப்பானைத் தாங்கும் கத்தரியோ வறட்சியைத் தாங்கும் கத்தரியோ உருவாக்க வேண்டுமென்றால் விஞ்ஞானிகள் எங்கிருந்து எடுப்பார்கள்? மறுபடியும் ஏதோ ஒரு கல்லம்பட்டிக்குத்தான் வர வேண்டும். அப்போது அங்கே விதை இருக்க வேண்டாமா?

எனவே தோட்டக்கலைத் துறைக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் தங்கள் இதழ் மூலம் என் கோரிக்கை இது. எம்டியு, பிகேஎம் தேர்வு ரகங்களின் விதையை ஆடி பிறப்பதற்கு முன்பே வட்டார அளவில் விற்பனைக்கு வையுங்கள். சிறு பொட்டலம் போதும், கால் ஏக்கருக்கு வந்தாலும் போதும். விதையை எப்படித் தனியாக எடுப்பது என்று அந்தப் பொட்டலத்தோடு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். பொட்டலத்தின் மேல் மூல விதை வந்த ஊரின் பெயரையும் போடுங்கள். அதற்கு ஒரு செலவும் இல்லை. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. உழவர்கள் காத்துவரும் ரகத்தை அவர்கள் பெயரில் பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது. எங்கள் பக்கம் இதெல்லாம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் மாதங்களில், அந்தந்த ஊரில் மிச்சம் இருக்கும் காய்கறி விதைகளைச் சேகரித்து, விதை கொடுத்தவரின் பெயரோடு பதிவு செய்ய அவர்களை ஏற்பாடு செய்யலாம்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில்தான் தொடங்கியது. அதே சந்தையில் ஒரு மூலையில் விதைகளுக்கென்று ஒரு கடை ஒதுக்கினால், காய் விற்க வரும் நாங்களே எங்கள் விதையையும் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். வரும் தைக்குள் இதைச் செய்ய முடியும். மாவட்ட நிர்வாகம் மனம் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.