கல்லடிப் பாலமும் வேர்ட்ஸ்வேர்த்தும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவு கிடைத்தது. ரொறன்ரோக் குளிரில் நடந்துகொண்டே பேசியிருக்கிறாய் போல, பாதி மூச்சிரைப்பு. எனக்கு எழுதினால்தான் பதில் ஒழுங்காக வரும், அதுதான் இந்தக் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். மகளுக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளையும் அவளும் காதலை வட்ஸ்அப்பிலேயே நடத்தி முடித்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் வைத்தது மண்டபம் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாலத்தில் வாவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிற பொடியன்மாரைப் பார்த்து, இயற்கையைப் பாடின வேர்ட்ஸ்வேர்த், கீற்ஸ் என்று நாம் படித்த ஆங்கில ரொமான்டிக் கவிஞர்களின் உலகத்தைப் போன் கொன்றுவிட்டது என்கிறாய்.

முதுகு காட்டுகிற பழக்கம் போனோடு வந்ததில்லை மச்சான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏரி நாட்டுக்குப் போனவர்கள் அதையேதான் செய்தார்கள். கிளோட் கண்ணாடி என்று ஒன்று இருந்தது. கறுப்பேற்றிய, வெளிப்புறம் வளைந்த சின்னக் கண்ணாடி, சட்டைப்பைக்குள் அடங்கும். காட்சிக்கு முதுகைக் காட்டி அதைத் தூக்கிப் பிடித்தால் மலையும் ஏரியும் சுருங்கி, நிறம் மங்கி, கிளோட் லொரேன் வரைந்த ஓவியம் மாதிரித் தெரியும். ஃபில்டர் போட்ட படம்தான், வேறென்ன! கவிஞர் தோமஸ் கிரே 1769இல் அந்தக் கண்ணாடியைக் கையில் விரித்தபடி போய், சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்து விரல் முட்டியைக் காயப்படுத்திக்கொண்டார். வேர்ட்ஸ்வேர்த் பிறந்ததே அதற்கு அடுத்த வருடம்தான்.

அறிவு அழகைக் கொன்றுவிடும் என்ற பயமும் பழசு. வானவில்லைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்று கீற்ஸ் 1820இல் வெளிவந்த கவிதையில் குறைபட்டார். நம்முடைய விபுலானந்த அடிகளைப் பார். அறிவியல் படித்த மனிதர், யாழ் நரம்புகளைக் கணக்குப் போட்டு 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். நம் வாவியில் மீன் பாடுகிறது என்கிறார்களே, அந்த ஓசையை நீரர மகளிரின் பாட்டாகப் பாடியவரும் அவரேதான். கணக்கு அவர் காதை அடைக்கவில்லை.

வேர்ட்ஸ்வேர்த்தின் ரயில் கதை உனக்கு நினைவிருக்கிறதா? ஏரி நாட்டுக்கு 1810இலேயே வழிகாட்டி எழுதி ஆட்களை இழுத்தவர் அவர். 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்குப் பாதை போடப் போகிறார்கள் என்றதும் பத்திரிகைக்குக் கடிதமும் சொனெட்டும் எழுதி எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பது அவர் வாதம். 1847இல் ரயில் ஓடிற்று. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்துப் பாசிக்குடாவுக்கு வருகிற சனத்தைப் பார்த்து நீ முகம் சுளிப்பதும் அதே ரகம்தான். குழந்தை குட்டியோடும் சோற்றுப் பார்சலோடும் வருகிறார்கள், இடுப்பளவு தண்ணிக்குள் நின்று படம் எடுக்கிறார்கள், கட்டாரில் வேலை செய்கிற தகப்பனுக்கு அந்த நிமிடமே அனுப்புகிறார்கள். இதில் உனக்கு என்ன குறை?

ஆனாலும் ஒன்று போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னது அதுவல்ல. பள்ளியில் நாம் படித்த கவிதையில் வருகிற அந்த டஃபடில் பூக்களை அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வேர்த் பார்த்தது 1802 ஏப்ரல் 15ஆம் தேதி. கவிதை எழுத ஏறத்தாழ இரண்டு வருடம் எடுத்தது. அச்சில் வந்தது 1807இல். அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது பார். அன்றைக்குக் கூட நடந்த தங்கை டோரதியைக் கவிதைக்குள் காணோம். தனியே அலைந்தேன் என்கிறார் ஆள். களைத்த பூக்கள் கல்லிலே தலை சாய்த்ததையும் மற்றவை ஆடியதையும் அப்போதே டயரியில் எழுதிவைத்தவள் அவள்தான். பூக்கள் மனக்கண்ணில் மின்னுகிற அந்த இரண்டு வரி மனைவி மேரி சொன்னவை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஆக, நாம் மனப்பாடம் செய்த அந்தத் தனிமை மூன்று பேர் சேர்ந்து, ஆறுதலாகச் செய்த சாமான். கொஞ்சத்தை மறதி வெட்டியது, கொஞ்சத்தை ஏக்கம் கூட்டியது.

போன் இந்த வேலைக்கு இடம் விடுகிறதில்லை. போன வருடப் படத்தைத் தானாகவே காலையில் எடுத்து நீட்டுகிறது, தேதியோடு, பின்னால் நிற்கிற ஓட்டோவோடு. எதையும் பிசகாக நினைத்துக்கொள்ள வழியில்லை. நீயும் நானும் ஒரு பறுவத்து நிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்டோமே. முதலில் கேட்டது யார், உண்மையிலேயே கேட்டோமா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். எவனாவது அன்றைக்குப் பதிவு செய்திருந்தால் அந்தச் சண்டை அடுத்த நாளே முடிந்திருக்கும். நானோ நீயோ அதைப் பற்றி இத்தனை காலம் கதைத்திருக்கமாட்டோம்.

மறுகா, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? கல்யாணம் ஆவணியில்தான். வந்தால் அதுவரைக்கும் நின்றுவிட்டுப் போ. படம் எடுக்கிறவன் ட்ரோனும் கொண்டுவருவானாம். அது பறக்கிற நேரம் நீ அண்ணாந்து பார்த்துத் திட்டாமல் இருந்தால் போதும்.

உன் கூட்டாளி