ஊற்றுக்கு மேலே மருந்து அடிக்க வேண்டாம், துரை அவர்களே

பெருமதிப்புக்குரிய தோட்டத் துரை அவர்களுக்கும், கொழும்பிலிருந்து இந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பனியின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் மேட்டு மலையில் களையைக் கொல்லும் புல்லு மருந்து அடித்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தோட்டத் தலைவர் ஆபீசுக்கு வந்து சொன்னார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா வந்து சொன்னார். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்திலேயே பெண்கள் சொன்னார்கள். ஆகவே முழுக் கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணி வருகிற ஊற்றுக்கு மேலே இருக்கும் மலையில் இனி மருந்து அடிக்க வேண்டாம்.

அந்த ஊற்றிலிருந்து குழாயில் தொட்டிக்கு வருகிறது, தொட்டியிலிருந்து நாங்கள் குடத்தில் தண்ணி பிடிக்கும் பீலிக்கு வருகிறது. நடுவில் வடிகட்டுவதும் இல்லை, குளோரின் போடுவதும் இல்லை. மலையில் எது விழுந்தாலும் அது எங்கள் குடத்துக்கு வந்து சேரும். அன்றைக்குக் காலையில் மருந்து அடித்தார்கள். பின்னேரம் மழை கொட்டியது. பொகவந்தலாவைப் பக்கம் இந்தக் காலத்தில் பின்னேர மழை வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து அடித்த பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் எங்கள் லயத்துப் பிள்ளைகள்தான். காலில் ரப்பர் செருப்பு, மூக்கை மூடிக் கட்டிய சாரத் துண்டு, அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. டேங்கைக் கழுவ ஓர் இடத்தை யாரும் காட்டவில்லை, அதனால் பக்கத்தில் மழைத் தண்ணி ஓடும் கானில் கழுவினார்கள். அந்தக் கான் ஊற்றடியில் போய் முடிகிறது.

விடிந்து பார்த்தால் பீலியில் தண்ணி நுரைத்துக்கொண்டு விழுந்தது. ஒரு கை அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மருந்து வைக்கும் அறையின் நெடி.

பிள்ளைக் காம்பராவில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். காலையில் தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். பால்மா கரைப்பதும் போத்தல் கழுவுவதும் அதே பீலித் தண்ணியில்தான். ஆயா வழமை போலக் கேத்தலை அடுப்பில் வைத்தார். கொதி வந்ததும் மூடியைத் திறந்தவர், அந்த ஆவி முகத்தில் பட்டதும் கேத்தலோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். பக்கத்து டிவிஷன் பீலிக்கு ஆள் அனுப்பித் தண்ணி வந்து சேரும் வரைக்கும் பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டு கிடந்தார்கள். பால் கொடுக்க வந்த ஒரு தாய், தன் பிள்ளை முதல் நாள் மாலையில் குடித்த பாலும் அந்தத் தண்ணியில் கரைத்ததுதானா என்று கேட்டாள். ஆயாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? அந்தத் தாய் மலைக்குத் திரும்பிப் போக மனம் வராமல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். பக்கத்து டிவிஷனுக்குக் குடம் தூக்கிப் போய்ப் பிரட்டுக்குப் பிந்தி வந்த பெண்களுக்கும் அரைப் பேர். தண்ணியைக் கெடுத்தது யாரோ, சம்பளம் குறைந்தது எங்களுக்கு. இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு மரியாதையாக எழுதப் பார்த்தாலும் என்னால் முடியவில்லை.

"கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். களைக்கொல்லி கிருமி அல்ல. தண்ணி ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் இருக்கும் மருந்து செறியுமே தவிரப் போகாது. படித்த உத்தியோகத்தர்கள் கைக்குழந்தைகளின் தாய்மாருக்கு இப்படி ஒரு யோசனை சொல்லியிருக்கக் கூடாது. வேறு வேலை அவசரத்தில் சொன்னதாக இருந்தால், தயவுசெய்து பிரட்டுக் களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் திருத்திச் சொல்லுங்கள். இன்றைக்கும் சில வீடுகளில் அதை நம்பிக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

அடித்தது என்ன மருந்து என்றும் கேட்டோம். "புல்லு மருந்து" என்று பதில் வந்தது. பெயர் கேட்டதற்குக் காரணம் உண்டு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். மழையில் அரிபடும் மண்ணோடு சேர்ந்து கீழே வரும். எம்.சி.பி.ஏ. என்ற இன்னொரு களைக்கொல்லி அப்படிப் பற்றாது, தண்ணியோடு கரைந்து இறங்கிவிடும். எது அடித்தது என்று தெரியாமல் எதற்குப் பரிசோதனை செய்வது, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனால் டொக்டரிடம் என்னவென்று சொல்வது?

இந்த மருந்துகளின் கதை கம்பனிக்குப் புதிதல்ல. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயை முன்வைத்துத்தான் அந்தத் தடை வந்தது. நோய்க்கு அதுதான் காரணமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னமும் இணக்கம் இல்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். தடை இருந்த காலத்தில் வேறு களைக்கொல்லிகள் மலைக்கு வந்தன, எம்.சி.பி.ஏ. எச்சம் இருக்கிறதென்று ஜப்பான்காரர் நம் தேயிலையில் குறை பிடித்தார்கள். அப்போது கொழும்பே ஆடிப்போனது. கூட்டம் போட்டார்கள், சுற்றறிக்கை வந்தது, ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் போயின. நல்லதுதான், வாங்குகிறவருக்குச் சுத்தமான தேயிலை போக வேண்டும். ஆனால் அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர் குடிக்கும் தண்ணியை யாராவது ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனதை எங்கள் லயத்தில் ஒருவரும் கண்டதில்லை. கொழுந்தைப் பரிசோதிக்க வழி இருக்கிறது என்றால் பிள்ளைக் காம்பராத் தண்ணியைப் பரிசோதிக்கவும் வழி இருக்க வேண்டும். ஸ்டோர் வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழ்ப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் கொழுந்து நிறுக்கப் போகிறோம். நீர்நிலைக்கு ஓரமாக மருந்து படக் கூடாது, இடைவெளி விட வேண்டும் என்பது அப்படியான சான்றிதழ்களின் விதி. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீங்கள் ஏற்றுக்கொண்டதையே கேட்கிறேன்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மலையில் முந்தி மண் கிளறும் இரும்பு முள்ளுக் குத்தினால் முள்ளு முழுசாக இறங்குமாம், அம்மா சொல்வார். இப்போது பாதியிலேயே கல்லில் பட்டுத் தெறிக்கிறது. மேல் மண் எங்கே போனதென்று தேட வேண்டியதில்லை, மழை நாளில் கானில் ஓடும் தண்ணியின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். முந்தி முள்முருங்கைக் கொப்பை வெட்டித் தேயிலைக்கு நடுவில் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் இலையும் சிறு குச்சியும் மண்ணுக்குப் போகும், தடித்த மிலாறுக் குச்சி மட்டும் அடுப்புக்கு வரும். மழைக்கு முன் கான்களில் தேங்கிய மண்ணை வழித்து மேலே போட ஆட்கள் இருந்தார்கள். இப்போது முருங்கையும் குறைந்துவிட்டது, கான் வழிக்க ஆளுக்குப் பேர் போடுவதும் அருமை. எல்லாவற்றுக்கும் பதிலாக மருந்து வந்திருக்கிறது. மருந்து அடித்த பிறகு சரிவில் ஒரு பச்சை கிடையாது; மழைத் துளி நேராக வெறும் மண்ணில் விழுகிறது. போட்ட உரமும் கவ்வாத்துக்குக் கவ்வாத்து போட்ட டொலமைட்டுச் சுண்ணாம்பும் அந்த மண்ணோடுதான் கீழே போகின்றன. அதுவும் கம்பனியின் காசுதானே?

தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுபடி நடுவதற்கு முன் 18 முதல் 24 மாதம் வரை மானாப் புல்லோ கோதமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்று சொல்வது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம். மண் தேற இரண்டு வருடம் புல் வளர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஊற்றுக்கு மேலே மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை நாம் ஒரே காலையில் கருக்கிவிட்டோம்.

காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். குத்தகை அந்த வருடத்திலிருந்து 53 வருடம். அது 2045இல் முடியும். அதற்குப் பிறகு கம்பனி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள், இதே ஊற்றுத் தண்ணியைத்தான் குடிப்பார்கள். குத்தகைக்கு எடுத்தவர் காணியைத் திருப்பிக் கொடுக்கும்போது மண்ணோடு கொடுக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு, 2021ஐத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரே இரவில் இரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்தியபோது பட்டினி கிடந்ததும் நாங்கள்தான். கொழுந்து இல்லை, நிறை வரவில்லை, பேர் குறைந்தது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. மேல் மட்டத்தில் யோசிக்காமல் போட்ட உத்தரவுக்கு மலையில் யார் விலை கொடுத்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. தேயிலைக்கு உரம் வேண்டும். மற்ற மலைகளில் முறையாக, மழை பார்த்து, உடுப்புக் கொடுத்து மருந்து அடிப்பதைப் பற்றி இந்த மடலில் நான் வாதாட வரவில்லை. ஊற்றுக்கு மேலே உள்ள அந்த ஒரு மலையில் மட்டும் வேண்டாம் என்கிறேன். முழுத் தோட்டத்தில் அது ஒரு மூலை.

கெசல்கமுவ ஓயாவில் களவாக மாணிக்கம் தோண்டுகிறவர்களைப் பிடிக்கப் பொலிஸ் வருகிறது. ஆறு கலங்குகிறது, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மண் நிரம்புகிறது என்கிறார்கள். பிடிக்கட்டும், சரிதான். ஆனால் மலையிலிருந்து மண்ணும் மருந்தும் அதே ஓயாவுக்குத்தான் இறங்குகின்றன. அதைப் பார்க்க ஒரு ஜீப்பும் வந்ததில்லை. அந்த ஓயா காசல்ரீயைத் தாண்டிக் களனி கங்கையாகிறது. அம்பத்தளையில் அந்தக் கங்கைத் தண்ணியை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும் முன் அதற்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எங்கள் பீலிக்கு இல்லை.

பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்பார்கள், தோட்டத்தில் கேட்டால் பிரதேச சபையைக் கேள் என்பார்கள். தோட்டத்துக்குள் சபை செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பல காலம் சொன்னார்கள். அந்தச் சட்டத்தை 2018இல் திருத்தியாயிற்று. இனி அந்தப் பதில் செல்லாது. இந்த மடலின் பிரதியைச் சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அனுப்புகிறேன். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் தமிழில் கதைக்கக் கூடியவராக இங்கே ஒரு தடவையாவது வந்து, லயத்தைச் சுற்றி மரக்கறி போடுகிற எங்கள் ஆட்களுக்கும் கோழி எருவையும் மூட்டை உரத்தையும் எவ்வளவு போடலாம் என்று மண்ணைப் பார்த்துச் சொன்னால் அதுவும் பெரிய உதவி. கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் அளவுக்கு மீறிப் போட்டுப் போட்டு மண்ணில் பொஸ்பரசு மண்டிக் கிடக்கிறது. அந்த நிலை எங்கள் காணித் துண்டுகளுக்கும் வர வேண்டாம். அது வேறு விஷயம், இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

துரை அவர்களே, எங்களுடைய வேண்டுகோள் ஒன்றுதான். ஊற்றுக்கு மேலே உள்ள மலையில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். அந்த மலைக்குக் கையால் புல்லுப் பிடுங்கப் பேர் போட்டால் பெண்கள் சந்தோஷமாக வருவார்கள். ஊற்றைச் சுற்றி மானாப் புல்லை விட்டுவிடுங்கள். டேங்க் கழுவ ஊற்றுக்கும் ஓயாவுக்கும் தள்ளி ஓர் இடத்தைக் காட்டுங்கள். வெறும் மருந்துக் கலன்களை ஓட்டை போட்டுத் திரும்ப எடுங்கள். லயத்தில் அவற்றில் தண்ணி பிடித்து வைக்கிறார்கள். அடித்த மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள். தொட்டித் தண்ணியையும் அந்த மலை மண்ணையும் பரிசோதித்து, முடிவு எதுவாக இருந்தாலும் தமிழில் எழுதிப் பிரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டுங்கள். அன்றைக்கு அரைப் பேர் போட்ட பெண்களுக்கு முழுப் பேரைக் கொடுங்கள்.

அடுத்த மருந்துச் சுற்று தொடங்குவதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேட்டு லயம், பணிய லயம் குடும்பங்களுக்காக,
கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் மகள்