மாத்திரை பலிக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரோஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக அகற்றிய பின் ஆணுறுப்பில் விறைப்பு வராவிட்டால், பலர் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காக்கும் அறுவை முறையை அமெரிக்காவில் மருத்துவர் பாட்ரிக் வால்ஷ் 1982-இல் தொடங்கினார். ஆனால், காக்கப்பட்ட நரம்பும் அறுவையின்போது இழுபட்டுச் செயலிழந்திருக்கும். மீள 18 முதல் 24 மாதம்வரை ஆகலாம்.

விறைப்புக்கான மாத்திரையான சில்டெனாஃபில் (வயாகரா) பலிக்கவில்லை என்பவர்களில் பலர் அதைச் சாப்பாட்டுக்கு மேல் விழுங்கியவர்கள். கொழுப்பு மிகுந்த உணவு மருந்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். கிளர்ச்சியும் வேண்டும், மாத்திரை தானாக எழுப்பாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும்.

இருபுற நரம்பும் எடுக்கப்பட்டிருந்தால் மாத்திரையால் பெரும்பாலும் பயனில்லை. அவர்களுக்கு நரம்பை நம்பாத வழிகள் உண்டு. ஆணுறுப்பின்மேல் பொருத்தி, காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் குழாய் ஒன்று. விறைப்பு நிற்க உறுப்பின் அடியில் மாட்டும் அதன் இறுக்கு வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். ஆணுறுப்பில் போடும் ஆல்ப்ரோஸ்டாடில் என்ற மருந்தின் ஊசி இன்னொன்று. முதல் ஊசியும் அளவும் மருத்துவர் முன்னிலையில்தான். விறைப்பு 4 மணி நேரத்தைத் தாண்டினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், இல்லையேல் தசை நிரந்தரமாகக் கெடும்.

புரோஸ்டேட்டோடு, விந்து நீரைச் சுரக்கும் விந்துப் பைகளும் அகற்றப்படுவதால் விந்து வராது. உச்ச உணர்வு இருக்கும். அந்நேரம் சில துளி சிறுநீர் கசிந்தால் பயப்பட வேண்டாம், முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டால் குறையும். இவ்வளவையும் அறுவைக்கு முன்பே, மனைவியையும் உடன் உட்காரவைத்து, மருத்துவர்கள் சொல்லிவிட வேண்டும்.

– சிறுநீரகவியல் பிரிவுச் செவிலியர்கள்